23 பேரைக் கொன்றது மழையா?

(அரக்கோணம் ரயில் மார்க்கத்திலுள்ள ஓர் ஊரில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)



ரயிலைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். நான் ரயில்வே உத்தியோகஸ்தன் அல்ல, எஞ்சினீயரும் அல்ல. லேத் பிடித்தவன். 1978-இல் இருபது வயதில் பம்பாய்க்குப் போனேன். தாராவியில் குடியிருப்பு, பரேலில் ஒரு பட்டறையில் வேலை. 12 வருஷம் அங்கே இருந்தேன். 1995-இல் அந்த நகரத்துக்கு மும்பை என்று பெயர் மாற்றினார்கள். மாற்றட்டும். என் வாயில் பம்பாய் என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் மாஹிம் ஸ்டேஷனில் ஏறுவேன். மாதுங்கா ரோடு, தாதர், அடுத்தது எல்பின்ஸ்டன் ரோடு. அங்கே இறங்கி, படியேறி, பாலத்தின்மேல் நடந்து, கிழக்குப் பக்கம் பரேல் ஸ்டேஷன் வழியாக வெளியே வந்தால் பட்டறை. மாலையில் அதே வழி திரும்ப வேண்டும். கணக்குப் பார்த்தால் அந்தப் பாதையை ஏழாயிரம் தடவைக்குக் குறையாமல் தாண்டியிருப்பேன். அங்கேதான், பாலத்திலிருந்து இறங்கும் படிக்கட்டில், 2017 செப்டம்பர் 29-ஆம் தேதி காலை 23 பேர் நசுங்கிச் செத்தார்கள்.

ரயில் கவிழவில்லை. தண்டவாளம் பெயரவில்லை. பாலமும் இடியவில்லை. வேலைக்குப் போகிற ஜனங்கள் ஸ்டேஷனைவிட்டு வெளியே போக முயன்றார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதில் 23 உயிர் போயிற்று. இது எப்படி நடக்கும் என்பதை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஏனென்றால் இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மில் பாதிப் பேர் விடியற்காலையில் ரயிலைப் பிடிக்கிறவர்கள்.

அன்றைய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது வெள்ளிக்கிழமை, மறுநாள் தசரா. பரேலுக்கு அடுத்த தாதரில் பெரிய பூ மார்க்கெட் இருக்கிறது. பண்டிகைக்காகச் சாமந்திப் பூ கூடை கூடையாக ரயிலில் போகும். காலை சுமார் பத்தரை மணி, ஆபீசுக்குப் போகிற நேரம். திடீரென்று பலத்த மழை பிடித்துக்கொண்டது. குடையில்லாதவர்கள் மழை விடட்டும் என்று பாலத்தின்மேலும் படிக்கட்டிலும் கூரைக்கடியில் நின்றார்கள். கீழே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. இறங்கியவர்கள் படியேறினார்கள். மேலே இருந்தவர்கள் நகரவில்லை. பின்னாலிருந்து வந்தவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை.

உயிர் தப்பியவர்கள் ஒரு விஷயம் சொன்னார்கள். யாரோ பூ வியாபாரியின் சுமை சரிந்து பூ கொட்டிவிட்டதாம். இந்தியில் பூவுக்கு 'ஃபூல்' என்று பெயர், பாலத்துக்குப் 'புல்' என்று பெயர். "பூ விழுந்துவிட்டது" என்ற சத்தம் "பாலம் விழுந்துவிட்டது" என்று காதில் விழுந்ததாம். பத்திரிகைகளெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டன. ஒரே எழுத்தில் 23 உயிர் போயிற்றே என்று எழுதின. உண்மையில் அப்படியே யாரோ கத்தியிருக்கலாம். ஆனால் நான் கேட்கிறேன், இந்தக் கூட்டத்தின் நடுவே ஒருவர் எழுந்து "கூரை விழுகிறது" என்று கத்தினால் நாம் என்ன செய்வோம்? எழுந்து நாலு பக்கமும் ஓடுவோம். ஒருவர் காலை ஒருவர் மிதிப்போம், செருப்பு தொலையும். 23 பேர் சாக மாட்டோம். அங்கே செத்தார்கள் என்றால், கத்துவதற்கு முன்பே சாவதற்கு வேண்டிய அளவுக்கு நெருக்கம் அங்கே தயாராக இருந்தது என்று அர்த்தம்.

ரயில்வேயின் விசாரணை பலத்த மழையையே பெரிய காரணமாகச் சொன்னது. பம்பாயில் மழை! ஜூன் மாதம் தொடங்கி நாலு மாதம் மழை கொட்டுகிற ஊரில் மழை குற்றவாளி ஆயிற்று.

கூட்ட நெரிசலில் மனிதன் எப்படிச் சாகிறான் என்பதைப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலால் மிதிபட்டுச் சாகிறான் என்று நினைக்கிறோம். அப்படியும் உண்டு. பெரும்பாலும் அவன் நின்றபடியே மூச்சு முட்டிச் சாகிறான். மூச்சு இழுக்க நெஞ்சு விரிய வேண்டும். முன்னும் பின்னும் பத்து வரிசை ஆட்கள் சாய்ந்தால் நெஞ்சு விரிய இடமில்லை. ஒரு சதுர மீட்டர் என்பது சுமார் 11 சதுர அடி; ஒரு சின்னக் கயிற்றுக் கட்டிலில் பாதி. அதில் ஆறு ஏழு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் யாருடைய காலும் அவர் சொன்னபடி கேட்காது. கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அலை எங்கே தள்ளுகிறதோ அங்கே போக வேண்டியதுதான். அங்கே பலசாலி, நோஞ்சான் என்ற வித்தியாசமில்லை. "பொறுமையாகப் போயிருக்கலாமே, படித்தவர்கள்தானே" என்று மேடையில் நின்று புத்தி சொல்கிறவர்கள் அந்தத் தண்ணீருக்குள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தவர்கள் அல்ல.

வயல்வேலை செய்கிற தோழர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஏரி நிறைந்திருக்கிறது, மடை சின்னது. வருகிற தண்ணீருக்குத் தக்கபடி மடையை அகலமாக்காமல், வரத்துக் கால்வாயை மட்டும் நாலாக வெட்டிக்கொண்டே போனால் ஒருநாள் கரை உடையும். உடைந்த அன்று பெய்த மழையைத் திட்டி என்ன பிரயோஜனம்?

சரி, அந்த ஏரி எப்படி நிரம்பிற்று? அதைச் சொல்வதற்குத்தான் வந்தேன்.

அங்கே இரண்டு ஸ்டேஷன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கிழக்கே பரேல், மேற்கே எல்பின்ஸ்டன் ரோடு. ஒரே இடத்தில் எதற்கு இரண்டு? வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டு கம்பெனிகள் தனித்தனியாக ரயில் போட்டன. ஒன்று ஜி.ஐ.பி. கம்பெனி. இந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயிலை 1853 ஏப்ரல் 16-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு விட்டது அதுதான். மற்றொன்று பி.பி. அண்ட் சி.ஐ. கம்பெனி. 1867-இலேயே விராரிலிருந்து பம்பாய்க்கு லோக்கல் விட்டது. ஆளுக்கொரு பாதை, ஆளுக்கொரு ஸ்டேஷன், ஆளுக்கொரு லாபக் கணக்கு. 1951-இல் சர்க்கார் ஒன்றை மத்திய ரயில்வே ஆக்கிற்று, மற்றொன்றை மேற்கு ரயில்வே ஆக்கிற்று. கம்பெனிகள் போயின, வேலி போகவில்லை. இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் நடைப்பாலம்தான் வழி. பாலத்தின் ஒரு முனை ஒரு ரயில்வேயின் ராஜ்யம், மறுமுனை இன்னொரு ரயில்வேயின் ராஜ்யம். எல்பின்ஸ்டன் என்பவர் பம்பாயில் கவர்னராக இருந்த ஒரு துரை. 2018 ஜூலையில் அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் பிரபாதேவி என்று வைத்தார்கள்.

நான் அங்கே இருந்த காலத்தில் பாலம் நெருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் பயமாக இருந்ததில்லை. காரணம் என்ன தெரியுமா? அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ரயிலில் வரவில்லை. நடந்து வந்தார்கள்!

பரேல், லால்பாக், ஒர்லி, சிவ்ரி, பைகுல்லா என்று அந்த வட்டாரம் முழுவதுக்கும் மராத்தியில் 'கிரண்காவ்' என்று பெயர், மில் ஊர் என்று அர்த்தம். பம்பாயின் முதல் பஞ்சு மில் 1850-களில் தொடங்கியது. பிறகு மில்லுக்குப் பக்கத்தில் மில், புகைபோக்கிக்குப் பக்கத்தில் புகைபோக்கி. மில்லைச் சுற்றிச் 'சால்' என்று சொல்கிற வரிசை வீடுகள். நம் பக்கத்து லைன் வீடு மாதிரி, ஆனால் மூன்று நாலு மாடி. ஒரே அறைக்குள் ஒரு குடும்பம். குடும்பம் ஊரிலிருந்தால் ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறிப் படுப்பார்கள். அந்த வீட்டின் லட்சணத்தைப் பற்றி எனக்கு மயக்கம் ஏதும் இல்லை; ஒரு மாடிக்கு ஒரு கக்கூஸ் வரிசை. ஆனாலும் சங்கு ஊதினால் பத்து நிமிஷத்தில் மில் வாசலில் நிற்கலாம். இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலைக்கு வந்து போன இடத்தில் ரயில் ஸ்டேஷனுக்கு அத்தனை பாரம் இல்லை.

1982 ஜனவரி 18-இல் அந்த இரண்டரை லட்சம் பேரும் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த வேலைநிறுத்தம் முடிந்துவிட்டதாக இன்று வரை யாரும் அறிவிக்கவில்லை என்று அங்கே சொல்வார்கள். அந்த வருஷத்தை நான் நேரில் பார்த்தேன். மில்லுக்கு உதிரி பாகம் செய்துகொடுத்த பட்டறைதான் எங்களுடையது. சில மாதம் பாதிக் கூலி, பிறகு வாரத்தில் மூன்று நாள் வேலை. பல வருஷம் இழுத்துப் பறித்து, 1990-இல் ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. எட்டு பேருக்குக் கணக்குத் தீர்க்கவில்லை. அது போகட்டும், என் கதை இங்கே முக்கியம் அல்ல.

மில்கள் மூடின. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். முதலாளிக்கு நூலில் லாபமில்லை என்றார்கள். ஆனால் நூலுக்கு அடியில் இருந்த நிலம் பம்பாய் நகரத்தின் நட்டநடுவில் சுமார் 600 ஏக்கர்! 1991-இல் ஒரு விதி போட்டார்கள். மில் நிலத்தை விற்றால் மூன்றில் ஒரு பங்கு நகரசபைக்குப் பூங்கா, மைதானம் என்று திறந்த வெளியாக விட வேண்டும். ஒரு பங்கு ஏழைகளுக்கு வீடு கட்ட வேண்டும். ஒரு பங்குதான் முதலாளிக்கு. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? 2001-இல் அதே விதியில் ஒரு சின்னத் திருத்தம் செய்தார்கள். மொத்த நிலத்தில் பங்கு இல்லை, கட்டடம் இல்லாமல் காலியாகக் கிடக்கிற நிலத்தில் மட்டுமே பங்கு. மில் என்றால் நிலம் முழுக்கக் கட்டடம்தானே, காலி இடம் ஏது? வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2006-இல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

அப்புறம் என்ன? பீனிக்ஸ் மில் இருந்த இடம் பெரிய கடைவீதி மாளிகை ஆயிற்று. எல்பின்ஸ்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஜுபிடர் மில் சர்க்காருடையது. தேசிய ஜவுளிக் கார்ப்பரேஷன் அதை 2005-இல் விற்றது. இன்று அங்கே கண்ணாடிக் கோபுரங்கள். கமலா மில்லில் ஆபீசும் மதுக்கடையும் வந்தன. அதே 2017-ஆம் வருஷம் டிசம்பர் 29 நள்ளிரவில், பாலத்தில் செத்தவர்களுக்குச் சரியாக மூன்று மாதம் கழித்து, கமலா மில் வளாகத்தில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். அதுவும் வெளியேற வழியில்லாமல் நேர்ந்த சாவுதான்.

மில்லில் ஒரு தளமோ இரண்டு தளமோ இருந்தது. கோபுரத்தில் முப்பது நாற்பது. ஒவ்வொரு தளத்திலும் நூற்றுக்கணக்கில் ஆட்கள். அவர்கள் யார்? பெரிய அதிகாரி காரில் வருவார். கணக்கு எழுதுகிறவன், டெலிபோனில் பேசுகிற பெண், கம்ப்யூட்டரில் தட்டுகிறவன், தரை துடைக்கிறவள், காவல்காரன், டீ கொண்டுபோகிற பையன், இவர்கள் எல்லோரும் ரயிலில் வருகிறார்கள். அந்த வட்டாரத்தில் ஓர் அறை வாங்க இவர்களால் முடியாது. விராரிலிருந்து, கல்யாணிலிருந்து, டோம்பிவிலியிலிருந்து வருகிறார்கள். போதாதற்குக் கிழக்குப் பக்கம் கே.இ.எம். ஆஸ்பத்திரி, டாட்டா புற்றுநோய் ஆஸ்பத்திரி. இந்தியாவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் நோயாளிகள் வந்து இறங்குகிற இடம்.

அந்த வேலையிழந்த மில் தொழிலாளி? அவனும் சாலில் இருந்த அறையை விற்றுவிட்டு விராருக்கும் பத்லாபூருக்கும் போய்விட்டான். அவன் மகன் பழைய மில் நிலத்திலேயே காவல்காரன் வேலைக்கு வருகிறான். அப்பன் நடந்து போன அதே வாசலுக்கு மகன் ஒன்றரை மணி நேரம் ரயிலில் தொங்கி வந்து, பாலம் ஏறி இறங்கிப் போகிறான். புரிகிறதா தோழர்களே? வேலை அங்கேயே இருக்கிறது. வீடு 50 கிலோ மீட்டர் தள்ளிப் போய்விட்டது. இடைவெளி முழுவதையும் ரயிலின் தலையில் தூக்கி வைத்தார்கள். ரயில் எப்படியோ சுமந்தது. படிக்கட்டு சுமக்க முடியவில்லை.

நிலத்தை விற்ற பத்திரத்தில் சதுர அடி இருக்கிறது, ரூபாய் இருக்கிறது, எத்தனை மாடி என்பது இருக்கிறது. அத்தனை மாடிக்கு வருகிற ஆட்கள் எந்த ஸ்டேஷனில் இறங்குவார்கள், எந்தப் படியில் ஏறுவார்கள் என்று எந்த ஆபீசிலாவது எவராவது கணக்குப் போட்டார்களா? மாடிக்கு அனுமதி தருவது மாநகராட்சி, படிக்கட்டு ரயில்வேக்குச் சொந்தம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று இருவரும் இருந்துவிட்டார்கள்.

பம்பாய் லோக்கலின் கூட்டத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாளொன்றுக்குச் சுமார் 75 லட்சம் பேர், மூவாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள். ஒன்பது பெட்டி வண்டிகள் ஓடிய காலத்தில் ஒரு வண்டிக்கு 1,700 பேர் என்பது கணக்கு. நெரிசல் நேரத்தில் 4,500 பேர் ஏறினார்கள். ஒரு சதுர மீட்டரில் 14 பேர், 16 பேர். ரயில்வேக்காரர்கள் இதற்கு ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், 'அதிநெருக்க நசுக்குச் சுமை' என்று. பார்த்தீர்களா? நோய்க்கு மருந்து கிடைக்காவிட்டாலும் பெயர் கிடைத்துவிட்டது. பம்பாய் புறநகர் ரயில் பாதைகளில் 2024-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 2,400-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தண்டவாளம் தாண்டி, வண்டியிலிருந்து விழுந்து, கம்பத்தில் மோதி. தினம் ஆறேழு பேர். ஒரே நாளில் 23 பேர் இறந்தால் மந்திரி வருகிறார். தினம் ஆறு பேர் இறந்தால் அது ரிஜிஸ்டரில் ஒரு வரி.

இன்னொரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பாலம் போதாது என்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. பிரயாணிகள் எழுதினார்கள், தொகுதி எம்.பி. எழுதினார். 12 மீட்டர் அகலத்தில் புதுப்பாலம் கட்ட ரயில்வே முன்னரே ஒப்புக்கொண்டும் இருந்தது. காகிதம் ஒரு மேஜையிலிருந்து மறு மேஜைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. டெண்டர் கட்டம் தாண்டவில்லை, அதற்குள் 23 பேர் செத்துவிட்டார்கள்.

தேதிகளை வரிசையாகச் சொல்கிறேன், மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2017 செப்டம்பர் 14-இல் ஆமதாபாத்துக்கும் பம்பாய்க்கும் இடையே புல்லட் ரயிலுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். மதிப்பீடு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பதினைந்தே நாளில், செப்டம்பர் 29-இல், எல்பின்ஸ்டன் படிக்கட்டு. டிசம்பர் 25-இல் பம்பாயின் முதல் குளிர்சாதன லோக்கல் வண்டி கொடியசைத்து விடப்பட்டது. வேகமான ரயில் வேண்டாம், குளிர்ந்த பெட்டி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வெயிலில் வேகிற தொழிலாளிக்குக் குளிர்ந்த பெட்டி ஆகாதா என்ன? எது முதலில் என்பதுதான் கேள்வி. படிக்கட்டு கேட்டவனுக்கு டெண்டர், கேட்காதவனுக்குப் புல்லட்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஜனங்களின் ஆத்திரத்தைப் பார்த்து, அக்டோபர் கடைசியில், பாலத்தை ராணுவமே கட்டும் என்று அறிவித்தார்கள். எல்லையில் ஆற்றைக் கடக்கப் பாலம் போடுகிற எஞ்சினீயர் படை வந்தது. எல்பின்ஸ்டன் ரோடு, கர்ரி ரோடு, அம்பிவிலி ஆகிய மூன்று ஸ்டேஷன்களிலும் பாலம் போட்டார்கள். 2018 பிப்ரவரி 27-இல் திறந்தாயிற்று. எண்ணிப் பாருங்கள், அறிவித்த நாளிலிருந்து நாலே மாதம்! ஆண்டுக்கணக்கில் முடியாத காரியம் 23 பிணத்துக்குப் பிறகு நாலு மாதத்தில் முடிந்தது. இரும்பு இருந்தது, பணம் இருந்தது, கட்டத் தெரிந்த கைகளும் இருந்தன. ஜவான்களைப் பாராட்டுகிறேன். ஆனால் சாதாரண ஸ்டேஷன் படிக்கட்டு கட்டப் பட்டாளம் வர வேண்டியிருந்தது என்பதில் யாருக்குப் பெருமை?

இதோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வேலையிழந்த மில் தொழிலாளருக்கு வீடு என்று 2012-இல் முதல் பெரிய குலுக்கல் நடந்தது. வீடுகள் 6,925. மனுப் போட்டவர்களோ லட்சத்துக்கும் மேல். மிச்சமுள்ளவர்களுக்கு வாங்கணியிலும் சேலுவிலும் வீடு என்று சர்க்கார் திட்டம் சொல்கிறது. அந்த ஊர்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? பம்பாய் ரயில் முனையத்திலிருந்து சுமார் 80 கிலோ மீட்டர், கர்ஜத் போகிற வழியில். 2025 ஜூலையில் கிழத் தொழிலாளர்களும் விதவைகளும் ஆசாத் மைதானத்தில் திரண்டு, "எங்கள் உழைப்பில் எழுந்த நகரத்துக்குள்ளேயே எங்களுக்கு வீடு கொடு" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வாங்கணியில் வீடு கட்டினால் இன்னும் ஆயிரமாயிரம் பேரை அதே கல்யாண் வண்டிப் பாதையில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பாதையின் லட்சணம் அதற்கு ஒரு மாதம் முன்புதான் தெரிந்தது. 2025 ஜூன் 9-இல் மும்ப்ரா ஸ்டேஷன் வளைவில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் போயின. இரண்டிலும் வாசலில் தொங்கியவர்களின் பைகள் உரசி, ஆட்கள் கீழே விழுந்தார்கள். அன்றே நாலு பேர் செத்தார்கள்.

"தொங்கியது அவன் தப்பு" என்கிறார்கள். நம் சென்னையிலும் இதையே சொன்னார்கள். 2018 ஜூலை 24-ஆம் தேதி காலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கோடம்பாக்கம் பக்கம் மின்கம்பி அறுந்து போனதால், கடற்கரையிலிருந்து திருமால்பூர் போகிற வண்டியை எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலை ஸ்டேஷனில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர். படியில் தொங்கி வந்தவர்கள் அதில் மோதி விழுந்தார்கள். அங்கேயே நாலு பேர் இறந்தார்கள், பிறகு எண்ணிக்கை கூடிற்று. வேலைக்கும் படிப்புக்கும் போன பிள்ளைகள். படியில் தொங்கக் கூடாது, சட்டம் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் வண்டிகள் தாமதமாகி, இரண்டு வண்டிக் கூட்டம் ஒரு வண்டியில் ஏறும்போது, உள்ளே இடமில்லாதவன் என்ன செய்வான்? அடுத்த வண்டியில் போனால் ஒரு மணி நேரக் கூலி போகும். முதலாளி ரயில் தாமதத்தை ஒப்புக்கொள்வானா? தாமதமாக வந்தவனுக்கு அபராதம் போடுகிறவன் ஒருவன், தொங்கினவனுக்கு அபராதம் போடுகிறவன் இன்னொருவன். நடுவில் இவன்.

நம் ஊர்ப் பாதைக்கு வருவோம். சென்னையிலிருந்து அரக்கோணத்துக்குச் சுமார் 70 கிலோ மீட்டர். பேசின் பிரிட்ஜ் தாண்டினால் வியாசர்பாடி ஜீவா. நம் தோழர் ஜீவாவின் பெயர் தாங்கிய ஸ்டேஷன். அடுத்தது பெரம்பூர். அந்த வட்டாரத்தில் நம் தாத்தா அப்பாக்கள் வேலை செய்த பக்கிங்காம் கர்நாடிக் மில் 1996-இல் மூடிற்று. அந்த நிலத்தில் இன்று என்ன எழும்புகிறது என்று ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள், அடுக்குமாடிகள். நான் ஜோசியம் சொல்லவில்லை. அந்த மாடிகளுக்கு வரப்போகிற ஆட்களுக்கும் அங்கே வீட்டுவேலைக்கு வரப்போகிற பெண்களுக்கும் ஸ்டேஷன் படிக்கட்டு எத்தனை அடி அகலம் என்று இப்போதே கேட்டுவைக்க வேண்டும் என்கிறேன். செத்த பிறகு கேட்டால் நஷ்ட ஈடு கிடைக்கும். படிக்கட்டு அதற்கு அப்புறம்தான்.

எப்படிக் கேட்பது? "கூட்டமாக இருக்கிறது ஐயா" என்று மகஜர் கொடுத்தால், "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும். கணக்கோடு கேட்க வேண்டும். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு மீட்டர் அகலமுள்ள படியில், நெருக்கமாக இறங்கினாலும், ஒரு நிமிஷத்துக்கு 50, 60 பேருக்கு மேல் போக முடியாது. படி இரண்டு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 100, 120 பேர். ஒரு வண்டியிலிருந்து 500 பேர் இறங்கினால் படி காலியாக நாலைந்து நிமிஷம் வேண்டும். அடுத்த வண்டி மூன்று நிமிஷத்தில் வந்தால்? முதல் கூட்டம் போவதற்குள் இரண்டாவது கூட்டம் வந்து சேரும். அரை மணி நேரம் இப்படியே போனால் படியில் எத்தனை பேர் தேங்குவார்கள்? வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். எதிர்த்திசையில் ஏறுகிறவர்களையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசம். மழை வந்தால் கேட்கவே வேண்டாம். இந்தக் கணக்கைப் பம்பாயில் எந்தத் தொழிலாளியும் போட்டிருக்கலாம். போட்டுக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நூறு பேர் உட்கார்ந்திருந்தால் அந்த டெண்டர் இரண்டு வருஷம் முன்னாலேயே முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

வரும் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு நம் ஸ்டேஷனுக்கு வருகிறேன். தையல் வேலை செய்கிற தோழர் யாராவது டேப் கொண்டுவாருங்கள். படியின் அகலத்தை மேலும் கீழும் அளக்க வேண்டும். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் நாலு பேர் நோட்டும் பென்சிலும் எடுத்து வாருங்கள். இரண்டு பேர் மேலே நிற்கட்டும், இரண்டு பேர் கீழே. ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை பேர் இறங்கினார்கள், படி காலியாக எத்தனை நிமிஷம் ஆயிற்று, அதற்குள் அடுத்த வண்டி வந்துவிட்டதா என்று எழுத வேண்டும். ஒன்பது மணி வரை எண்ணுவோம். செவ்வாய், புதனும் எண்ணுவோம். வியாழக்கிழமை மாலை இதே இடத்தில் கூடிக் கணக்கைப் பார்த்துவிட்டு மகஜரை எழுதுவோம். கையெழுத்துப் போட வருகிறவர்கள் தங்கள் வண்டியின் நேரத்தையும் எழுதிக் கொண்டுவாருங்கள்.